ஊர்களைக் கிட்டே கொண்டுவந்த டயர்

புதுக் கார் வாங்கிய சூடு ஆறுவதற்குள் ஒருவர் உங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்பார். வண்டியோடு வந்த சக்கரம் சோகை பிடித்ததுபோல் இருக்கிறது, பெரியதாக மாட்டிக் கொடுங்கள் என்பார். நீங்களும் மாட்டுவீர்கள். மாட்டியதும் வண்டிக்கு ஒரு களை வந்துவிடும், அதை நான் மறுக்கவில்லை. சில மாதம் கழித்து அதே ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவார். பெட்ரோல் தண்ணீராய்ப் போகிறது, இன்ஜினில் ஏதோ கோளாறு, பாருங்கள் என்பார். நீங்கள் உங்கள் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்ப்பீர்கள். அது எல்லாம் நலம் என்று பச்சை விளக்குக் காட்டும். அந்த நேரத்தில் இந்தக் கிழவன் எழுதியது உங்களில் ஒருவருக்காவது ஞாபகம் வந்தால் போதும்.

டயர் மாற்றுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு டயரால் ஒரு மனிதன் திருடன் என்று பெயர் வாங்க இருந்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி. கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால், காயலை ஒட்டிய ஒரு பழைய கிடங்கில் எங்கள் பட்டறை இருந்தது. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகராட்சி வேலைக்கு அங்கே போனவர். நான் அங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளர்ந்து, கடைசியில் இரண்டையும் கலந்து கட்டிப் பேசுகிறவனாக ஆனேன். பட்டறையின் தலைமை மெக்கானிக்கை அந்த ஊரில் ஆசான் என்பார்கள். முப்பது வயதிலேயே என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள்.

எங்களுக்கு ஒரு பக்கம் சுக்குக் கிடங்கு, மறு பக்கம் மிளகுக் கிடங்கு. கிரீஸும் பெட்ரோலும் எங்கள் சொத்து. ஈரக் காற்று அடிக்கும் நாட்களில் எல்லாம் சேர்ந்து ஒரே வாசனையாகிவிடும். இன்றைக்கும் சில மதியங்களில், பாதித் தூக்கத்தில், அந்த வாசனை என் தலைமாட்டில் வந்து உட்காருகிறது. எழுந்து ஜன்னலைத் திறந்தால் போய்விடுகிறது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் அங்கே காயல் ஊருக்குள் வரும். மழை இருக்காது, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். காலையில் கதவைத் திறந்தால் தெருவில் தண்ணீர் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கும். வேலியேற்றம் என்று அதற்குப் பெயர். கடல் ஏறும்போது காயலும் ஏறி, சாக்கடைகள் வழியாகத் தெருவுக்கு வந்து, வெயில் ஏறிய பிறகு வந்த வழியே போய்விடும். தண்ணீருக்குள் ஓட்டுக் கூரைகளெல்லாம் தலைகீழாகத் தொங்கும். யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் கூரைகள் வெகு நேரம் ஆடும். நாங்கள் சாயாக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்போம். அந்த நேரத்தில் எவருக்கும் வேலை ஞாபகம் வராது.

எங்கள் வாடிக்கைக்காரரான மிளகு முதலாளிக்கு மட்டும் அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. மூன்று தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்த தமிழ்க் குடும்பம் அவருடையது. ஒரு கருப்பு அம்பாசடர் வைத்திருந்தார். ஒரு காலை, யூதர்கள் குடியிருந்த ஜூ டவுன் திருப்பத்தில் அது தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பஜார் முழுவதும் வேடிக்கை பார்க்க நடந்து போனார். மறுநாள் வண்டி எங்கள் வாசலில் நின்றது. உயரம் போதவில்லை, தூக்கிக் கொடுங்கள் என்று உத்தரவு. ஜீப்புக்குப் போடும் உயரமான டயரை அவரே வாங்கி வைத்திருந்தார். பக்கத்துத் தோப்பும்படியில் இருந்த லேத்துக்காரர் ஒருவரிடம் சக்கரத்தைத் திருத்தி வாங்கி, நாங்கள் மாட்டிவிட்டோம். ஸ்டியரிங் கனக்கும் என்று சொன்னேன். கனக்கட்டும் என்றார்.

அதன்பிறகு அந்த வண்டி வேலியேற்றத்தில் போவதைப் பார்க்கவேண்டுமே! தண்ணீரைக் கிழிக்காமல், ஒதுக்கிக்கொண்டு, பண்டிகைநாள் படகு மாதிரி மெதுவாக மிதந்து போகும். உள்ளே முதலாளி பின் சீட்டில் பத்திரிகை விரித்து உட்கார்ந்திருப்பார். ஓட்டுகிறவன் பெயர் வேலாயுதன். அவனும் தமிழன்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது கொச்சி. ஒல்லியான, குரல் உயர்த்தாத ஆள். பஜாரில் மூட்டை ஏற்றிய கைவண்டிக்குப் பின்னால் ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. பாரத்தோடு ஓடுகிற வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்கு ஆளின் இடுப்பு ஒடிந்துவிடும். எத்தனையோ டிரைவர்கள் அந்த வழக்கத்தை மதிப்பதில்லை. வேலாயுதன் மதித்தான். கைவண்டி ஒதுங்கும்வரை ஊர்ந்துகொண்டே போவான்.

பெரிய டயர் போட்ட அடுத்த மாதமே வம்பு தொடங்கியது. முதலாளி எதையும் எழுதி வைக்கிறவர் அல்ல, எல்லாம் மனக்கணக்கு. பெட்ரோல் போடும்போது மீட்டரை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் வண்டி முன்புபோல் ஓடவில்லை என்று தெரிந்துவிட்டது. போட்ட பெட்ரோலுக்கு வரவேண்டிய தூரம் மீட்டரில் வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. டிரைவர்கள் ரப்பர் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்து வெளியே விற்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதலாளி யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

வேலாயுதன் ரகசியமாக வண்டியை என்னிடம் கொண்டுவந்தான். நான் கார்புரேட்டரைப் பிரித்தேன், பிளக்கைப் பார்த்தேன், டேங்கின் அடியில் படுத்து விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இல்லை என்று சொன்னபோது அவன் முகம் விழுந்துவிட்டது. கோளாறு இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறான், பாவம்.

"டேங்கிலே ஓட்டைன்னு பறஞ்சிருங்க, ஆசானே. ஒரு வாக்கு போதும். கள்ளன்னு சொல்லி வெளியே விட்டா, இந்த பஜார்ல வேற எவனும் எனக்கு சாவி தரமாட்டான்."

உண்மைதான். பஜார் ரோட்டுக்கு ஒரே காதுதான். இந்த முனையில் சொன்னது படகுத்துறை வரை போய்விடும். அவன் வேலை, அவன் பேர், அவன் குடும்பத்தின் சோறு எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஓட்டை என்று சொல்லிவிட ஆசையாகவும் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இல்லாத ஓட்டையை அடைத்தாயிற்று என்று நான் சொல்கிறேன். அடுத்த மாதமும் பெட்ரோல் அதேபோல் குறைகிறது. அப்போது அவனை யார் காப்பாற்றுவார்? என் சொல்லுக்கும் மதிப்புப் போயிருக்கும். பொய் ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் என்னை மனிதனாகவே மதிக்காமல் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் முதலாளியே வந்தார். வேலாயுதன் அவருக்குப் பின்னால் வாசல் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். முதலாளி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வண்டியிலே கேடு இருக்கா, இல்லையா? அது மட்டும் பறஞ்சா போதும். கேடுன்னா வண்டியை நன்னாக்கு. இல்லைன்னா நான் ஆளை மாத்திக்கறேன்."

தம்பிகளே, நம் தொழிலில் இப்படி ஒரு கேள்வி உங்கள் எல்லோருக்கும் ஒருநாள் வரும். உண்டா இல்லையா என்று இரண்டே கதவு வைத்துக் கேட்பார்கள். பார்த்தவரை குறை இல்லை, ஆகவே இல்லை என்று சொல்வது நேர்மைபோலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நான் பார்த்த இடங்களில் குறை இல்லை என்பதுதான் எனக்குத் தெரியும். பார்க்காத இடம் ஒன்று இருக்கலாம். வாயைத் திறந்து, தெரியாது முதலாளி, திங்கள்கிழமை வரை தவணை கொடுங்கள் என்றேன். ஆசான் என்று கூப்பிடப்படுகிறவன் தெரியாது என்று சொல்வது அவ்வளவு சுகமான காரியம் அல்ல.  முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திங்கள்கிழமை என்று சொல்லி, வண்டியை விட்டுவிட்டு நடந்தே போனார்.

வேலாயுதன் போகவில்லை. ஓரத்தில் கிடந்த ஒரு தேய்ந்த டயர்மேல் உட்கார்ந்து காயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் சாய்ந்து தண்ணீரெல்லாம் மஞ்சளாக இருந்தது. வில்லிங்டன் தீவுப் பக்கத்தில் ஒரு கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. நான் மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை, அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாமே என்றுதான். அவன் தனக்குத்தானே பேசுவதுபோல் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் கெட்ட நேரம் என்றான். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யவில்லை என்றான். பிறகு சொன்னான்:

"இந்த டயர் வந்த பின்னாடி எல்லாமே ஒரு சொப்பனம் மாதிரி இருக்கு, ஆசானே. ஊரெல்லாம் கிட்ட வந்துட்டு. தெற்கே சேர்த்தலைக்குப் போனா, முன்னே இருந்த தூரம் இப்போ இல்லை."

நான் அப்படியே படுத்திருந்தேன். தலைக்கு மேலே அந்தப் பெரிய சக்கரம் இருந்தது. கையால் அதை மெல்லச் சுற்றினேன். சேர்த்தலை எங்கே கிட்டே வரும்? அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மீட்டருக்குத் தூரம் என்று ஒன்று தெரியாது, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்றுதான் தெரியும். சின்னச் சக்கரத்தின் சுற்றுக்கு அளந்து செய்த மீட்டர் அது. பெரிய சக்கரம் ஒரே சுற்றில் கூடுதல் தூரம் போய்விடும். மீட்டர் அதைப் பழைய சுற்றாகவே எண்ணும். வண்டி உண்மையிலேயே ஓடிய தூரத்தை மீட்டர் விழுங்கிக்கொண்டிருக்கிறது! நான் வெளியே வந்த வேகத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன். வேலாயுதன் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அளவுக்கோடு போட்ட ஒரு கண்ணாடிப் புட்டியிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும்படி செய்திருந்தேன். புட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். இன்றைக்கு இதைச் செய்யாதீர்கள், அந்தக் காலத்துப் பிள்ளைகளைக் காப்பாற்ற ஏதோ ஒரு சாமி கூடவே அலைந்துகொண்டிருந்தது. தோப்பும்படி தாண்டி, பள்ளுருத்தி தாண்டித் தெற்கே போனோம். இறால் பண்ணைகளின்மேல் பனி படுத்திருந்தது. ஒரு சர்ச்சில் மணி அடித்தது, அது தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. அரூர்ப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் காயல் வெள்ளையாகக் கிடந்தது, எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. புட்டிக்குள் பெட்ரோல் நன்னாரி சர்பத்தின் நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ஆளின் பிழைப்பு என் மடியில் இருக்கிறது என்பதைக்கூடச் சற்று நேரம் மறந்துவிட்டேன்.

சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களை எண்ணும் வேலையை முதலாளிக்குக் கொடுத்திருந்தேன். ஏலம் கூறுவதுபோல் ஒவ்வொரு கல்லாக உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினான்கு கல் கடந்தபோது மீட்டர் பதின்மூன்றுதான் ஓடியிருந்தது. அவர் முன்னால் சாய்ந்து மீட்டரையே பார்த்தார். தராசோடு பிறந்த மனிதர் அல்லவா, விளக்கமே தேவைப்படவில்லை.

"இது கள்ளத் தராசு ஆச்சே," என்றார்.

வேலாயுதன் முதல்முறையாகச் சிரித்தான். எனக்கும் நெஞ்சு லேசானது. சேர்த்தலையில் ஒரு சாயாக் கடை முன்னால் நிறுத்தினோம். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, முதலாளி புட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல் கணக்கு, புட்டிக் கணக்கு இரண்டையும் மனதில் சேர்த்தார். வண்டி பழையபடியேதான் ஓடியிருந்தது. அந்தத் தட்டையான, தடையில்லாத ரோட்டில் பெரிய டயர் ஒரு கஷ்டமும் இல்லாமல் உருண்டிருக்கிறது. முதலாளியின் முகம் மறுபடி இருண்டது. மீட்டர் மறைத்தது கொஞ்சம்தான் என்றார். பஜாரில் ஓடும்போது குறைகிற பெட்ரோல் அதைவிட எவ்வளவோ அதிகம், வண்டிக்கோ ஒரு கேடும் இல்லை, பாக்கி எங்கே போயிற்று என்று கேட்டார். கேட்டது என்னைப் பார்த்து. பதில் சொல்ல வேண்டியவன் சாயாக் குவளையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

அந்த நிமிஷத்தை நான் மறக்கவே மாட்டேன். அவனைக் காப்பாற்றக் கொண்டுவந்த சோதனையே அவன் கழுத்தில் கயிறாக விழுந்துவிட்டது. கெஞ்சலாமா என்று நினைத்தேன். இவன் நல்லவன் முதலாளி என்று சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் அவன் நல்லவனா என்பது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். அதனால் வண்டியைப் பற்றியே யோசித்தேன். எதிரே ரோடு காலியாக, நேராகப் போய்க்கொண்டிருந்தது. தென்னைகளின் நிழல் அதன்மேல் அசையாமல் கிடந்தது. இப்படி ஒரு ரோட்டை இந்த வண்டி மாதத்தில் எத்தனை தடவை பார்க்கிறது என்று தோன்றியது.

"முதலாளி, இந்த வண்டி இங்கே ஜீவிக்கலை. பஜார்ல ஜீவிக்குது. அங்கே வெச்சுப் பாக்கணும்," என்றேன்.

தினமும் அதில்தானே போகிறேன் என்றார் அவர், சற்றுக் கடுப்பாக.

"பின் சீட்ல பேப்பர் வாசிச்சிட்டுப் போறீங்க. நாளைக்கு முன் சீட்ல உக்காந்து, இந்தப் புட்டியை மடியிலே வெச்சிட்டு வாங்க."

அவரிடம் அப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். புட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு சாயாவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை காலை தண்ணீர் இன்னும் தெருவில் நின்றது. முதலாளி முன் சீட்டில், மடியில் துண்டு விரித்து, துண்டின்மேல் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்கிவந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் பின்னால். பஜார் ரோட்டில் நுழைந்ததுமே ஒரு கைவண்டி, அதற்கு முன்னால் ஒன்று, அதற்கும் முன்னால் ஒரு லாரி. வேலாயுதன் ஹாரனைத் தொடவில்லை. பழைய சக்கரம் என்றால் முதல் கியரில் தானாகவே ஊர்ந்து போகும். இந்தப் பெரிய சக்கரத்தோடு அவ்வளவு மெதுவாகப் போனால் இன்ஜின் நின்றுவிடும். கிளட்சைப் பாதி மிதித்து, இன்ஜினை உறுமவிட்டு, நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கனத்தை நின்ற நிலையிலிருந்து உருட்டியாக வேண்டும். வண்டி நகர்ந்ததோ இல்லையோ, புட்டியில் பெட்ரோல் நகர்ந்துகொண்டிருந்தது. சுக்குக் கிடங்கு வருவதற்குள் ஒரு கோடு இறங்கியது. பள்ளிவாசல் வருவதற்குள் இன்னொன்று. முதலாளி புட்டியைப் பார்த்தார், பிறகு வேலாயுதனின் இடது காலைப் பார்த்தார். கிளட்சின்மேல் அது நடுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அந்தக் கால் அப்படி நடுங்கியிருக்கும், பின் சீட்டிலிருந்து அது தெரிந்திருக்காது.

படகுத்துறைவரை போய்ச்சேரும் என்று கணக்குப் போட்டு ஊற்றியிருந்த பெட்ரோல்தான், ஆனால் அதற்கு வெகு தூரம் இருக்கும்போதே புட்டி காலியானது. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சுற்றிலும் தண்ணீர், கிடங்கு வாசல்களில் ஆட்கள், மூட்டையைத் தலையில் வைத்தபடியே நின்று பார்க்கிற சுமைக்காரர்கள்.  முதலாளி காலிப் புட்டியை சீட்டில் வைத்தார். கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், தண்ணீருக்குள் இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தார்.

"வேலாயுதா, தப்பு என் பேர்ல. க்ஷமிக்கணும்."

பஜாருக்கு ஒரே காது என்று சொன்னேன் அல்லவா? அது அன்றைக்கு நன்றாகக் கேட்டது. வேலாயுதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கு என்ன வெட்கம். வேலியேற்றக் காலம் முடியும்வரை அந்த டயர் இருக்கட்டும், ஆகிற பெட்ரோல் ஆகட்டும் என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். சுமைக்காரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டார்கள்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி ஆசானாக உங்கள் முன் நின்றிருக்கலாம். ஆனால் நடந்தது இதோடு முடியவில்லை.

சில நாள் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறையே கண்ணயர்ந்திருந்த நேரம், வேலாயுதன் வந்தான். முகம் வெளிறியிருந்தது. வேலை போய்விடும் என்று பயந்த நாட்களில்கூட அவனை அப்படி நான் பார்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, காயலைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னான். டயர் மாற்றுவதற்கு முன்னால், வருஷக்கணக்காக, வாரம் தவறாமல் அவன் பெட்ரோல் எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, ஒரு தகரத்தில் பிடித்து, தெரிந்த ஆளுக்குக் கொடுத்துவிடுவானாம். எப்போதும் ஒரே அளவு என்பதால் முதலாளியின் கணக்கில் அது உறுத்தவே இல்லை. வண்டி ஓடும் ஓட்டமே அவ்வளவுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

"அப்புறம் ஏன் நிறுத்தினே?" என்று கேட்டேன்.

"மோளுக்கு அப்போதான் ஒரு வயசு. ஒருநாள் சாயங்காலம் எடுத்துட்டு வீட்டுக்குப் போய் அவளுக்கு முத்தம் கொடுக்கக் குனிஞ்சேன். அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா, ஆசானே. வாயிலே பெட்ரோல் மணம். எத்தனை தடவை கழுவிட்டுப் போனாலும் திருப்பிக்கிட்டா. அன்னையோட விட்டேன்."

அந்த வாரத்தில்தான் பெரிய டயர் வந்தது. எடுத்த வருஷங்களில் அவனை ஒருத்தரும் கேட்கவில்லை. எடுக்காத மாதத்தில் கள்ளன் என்றார்கள். கடைசியில் அத்தனை பேர் முன்னால் முதலாளி மன்னிப்பும் கேட்டுவிட்டார். குற்றம் சாட்டியபோது தாங்கிக்கொண்டவனால் அந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. பெட்ரோல் மணத்தைவிட அது நெஞ்சில் அதிகம் எரிகிறது என்றான். முதலாளியிடம் சொல்லட்டுமா, வேண்டாமா என்று கேட்டான்.

வேண்டாம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வேலை போனதுதான். சொல் என்பதற்கும் எனக்கு மனம் வரவில்லை, இழக்கப்போவது அவன்தானே, நான் இல்லையே. வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் சாட்சி சொல்வேன், இது வண்டியைப் பற்றியது இல்லை, இதில் நான் வாய் திறக்கமாட்டேன், நீயும் சொல்லத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றேன். அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. திருகிய போல்ட்டையே மறுபடி திருகிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில், அந்தக் கருப்பு வண்டி மிதந்து வந்து பட்டறை வாசலில் நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவன் வேலாயுதன்தான். இறங்கி வந்தவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விடிந்ததும் முதலாளி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். சாவியை அவர் முன்னால் மேஜைமேல் வைத்திருக்கிறான். எவ்வளவு எடுத்தாய், யாருக்குக் கொடுத்தாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். எப்போது நிறுத்தினாய் என்று மட்டும் கேட்டாராம். டயர் போட்ட அதே வாரம் என்று இவன் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாராம். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்ததாம். மனக்கணக்கு முடிந்ததும் கண்ணைத் திறந்து, சாவியை இவன் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாராம்:

"அப்படீன்னா பழைய கணக்கிலே நீ எடுத்ததும் சேர்ந்திருக்கு. இப்போ நீ எடுக்காமலே இத்தனை குறையுது. அந்த டயர் நாம நினைச்சதைவிட வல்லாத குடி குடிக்குது. சாவியை எடு, ஆசான்கிட்ட போய் முதல்ல அதைக் கழட்டச் சொல்லு."

தெருவில் தண்ணீர் வடியும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. ஜாக்கியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வண்டியைத் தூக்கினேன், வேலாயுதன் கழற்றிய சக்கரங்களை ஒவ்வொன்றாக உள்ளே உருட்டிக்கொண்டு போனான்.